லேப்டாப்பில் ஓர் இரைச்சல்

ஞாயிறு, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. காலையில் ஏலாக்குறிச்சி கோயிலில் பூசை. நற்கருணைப் பாட்டை என் கிட்டார்தான் தொடங்க வேண்டும். அதன் சத்தம் லேப்டாப் வழியாகத்தான் மைக்செட்டுக்குப் போகும். கம்பியை மீட்டினேன். சத்தமே இல்லை. பாடகர் குழு மொத்தமும் என் முகத்தைப் பார்க்கிறது. திரும்பினால், மைக்செட் சகாயம் என் லேப்டாப் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறான்.

பூசை முடிந்ததும் அவன் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"எர்த் அடிச்சுது மாஸ்டர். ஃபாதர் கண்ணை மூடி செபிக்கிறப்ப ஙொய்னு ஒரே இரைச்சல். அதான் புடுங்கிட்டேன்."

எர்த்தாம்! அது என் பழைய வால்வு ஆம்ப்ளிபயரின் இரைச்சல். அது எரிந்துபோவதற்குள் மூன்று மாதம் உட்கார்ந்து அதன் சத்தத்தை லேப்டாப்பில் கொண்டுவந்தேன். அதன் கரகரப்பு, சும்மா இருக்கும்போது இரைவது, ஒன்றையும் விடவில்லை. அதைச் சொன்னேன்.

"பழைய பெட்டி இரைஞ்சுது, வேற வழியில்ல, பொறுத்துக்கிட்டேன். கம்ப்யூட்டர் எதுக்குங்க இரையணும்?"

மடையன். அரியலூர் வரைக்கும் பஸ்ஸில் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

லேப்டாப்பில் இரைச்சலை மட்டும் நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. இப்போது அழுத்திவிட்டு வாசித்தேன். சுத்தமாக இருந்தது, வேறு யாரோ வாசிப்பதைப் போல. உடனே பழையபடி மாற்றிவிட்டேன்.

அடுத்த ஞாயிறும் இரையும். சகாயம் வயரில் கை வைக்கட்டும், பார்க்கிறேன்.