மஞ்சப்பையில் மிச்சமிருந்த சூரியகாந்தி

மச்சானுக்கு,

இன்று காலையில் பல்கூடத் துலக்காமல் கட்டிலுக்கடியில் கையை விட்டுத் தட்டை வெளியே இழுத்தேன். மூடியிருந்த ஈரத்துணியை விலக்கியதும் அந்த வாசம் வந்தது. ஊறி முளைவிட்ட சூரியகாந்தி விதையின் வாசம். நனைந்த சாக்கும் பச்சை நிலக்கடலையும் சேர்ந்தாற்போல இருக்கும். நல்ல வாசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது மூக்கில் ஏறினால் எனக்கு உங்கள் மஞ்சப்பை ஞாபகம் வரும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீங்கள் ஆரம்பிக்கும் கேலியும் கூடவே வரும்.

"ஏனுங்க மாப்ள, இந்தப் போகம் எத்தன தட்டுங்க?"

"மூணு தட்டுங்க மச்சான்."

"பாசனம்?"

"சலூன்ல தலைக்குத் தண்ணி அடிப்பாங்கல்ல, அந்த டப்பாதானுங்க."

"பம்புசெட்டுப் பட்டறையில வேல பாக்கறவரு ஊட்டு வெள்ளாமைக்கே மோட்டாரு வேண்டியதில்லீங்களா? அப்பறம் நாங்க எதுக்குங்க உங்க மோட்டார வாங்கோணும்?"

இப்படி ஒரு கடிதம் உங்களுக்கு நான் எழுதியதே இல்லை. நீங்கள் இருந்த காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கொடுமுடியிலிருந்து நீங்கள் போனில் பேசினால் இங்கே கணபதியில் எங்கள் கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்கும். உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது, போன் போட வழியில்லை. அதனால்தான் இது.

இந்தத் தட்டு விவசாயத்தை ஆரம்பித்தது நானில்லை, மகள் கீர்த்திதான். எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன வாரம் அது. போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "அப்பா, சூரியகாந்தி வெதைய ஊட்டுக்குள்ளயே மொளைக்க வெச்சு, எல வுட்டதும் அறுத்துப் பச்சையா சாப்புடலாம்ப்பா" என்றாள். எங்களுடையது மாடி வீடு. மண் என்று உள்ளே வருவது செருப்பில் ஒட்டி வருவது மட்டும்தான். தேங்காய் நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் உதிர்த்துத் தட்டில் பரப்பினால் மண்ணே வேண்டாம் என்றாள். சொன்ன கையோடு பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். தட்டு மட்டும் என்னிடம் நின்றுபோனது.

விதை என்றால் விதைக்கடை. பத்தாவது வரை போன என் மூளை அதற்கு மேல் ஓடவில்லை. விதைகள் ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருந்தன. உயர்ந்த ரகம் போலிருக்கிறது என்று பெருமையோடு படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினேன். அடுத்த நொடி போன் அலறியது.

"மாப்ள! அது மருந்துல பொரட்டுன வெதைங்க! மண்ணுக்குள்ள போடறதுக்குங்க, வாய்க்குள்ள போடறதுக்கில்லீங்க! அம்மணிக்குக் குடுத்துப்போட்டீங்களா?"

இன்னும் ஊறக்கூடப் போடவில்லை என்று நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. மறுநாள் காலை முதல் பேருந்தில் வந்து இறங்கினீர்கள். தங்கை சரசு நடமாடுகிறாளா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர் குடித்தீர்கள். கையில் ஏதோ ஒரு கல்யாணத்தில் கொடுத்த மஞ்சப்பை. அதற்குள் உங்கள் காட்டில் விளைந்த, மருந்து படாத சூரியகாந்தி விதை.

"இது கம்பெனி வெதையப் போட்டு வெளஞ்சதுங்க. மறுக்காக் காட்டுல போட்டா ஒண்ணுபோல வராது. ஒண்ணு நெட்டையா, ஒண்ணு குட்டையா நிக்கும். வெள்ளாமைக்கு ஆவாது. உங்க தட்டுக்கு ஆவும்" என்றீர்கள்.

அதன் பிறகு ஒவ்வோர் அறுவடைக்கும் அந்தப் பை வந்தது. வந்த பை வெறுமையாகத் திரும்பியதில்லை. பிறந்த வீட்டுப் பையையும் பாத்திரத்தையும் வெறுமனே அனுப்பக் கூடாது என்பது சரசுவின் சட்டம். வர்க்கி போடுவாள், முறுக்குப் போடுவாள். ஒருமுறை வீட்டில் ஒன்றுமே இல்லையென்று, அன்றைக்குத்தான் நான் வாங்கி வந்திருந்த புதுச் சட்டையை மடித்து உள்ளே வைத்து அனுப்பிவிட்டாள். அடுத்த தடவை நீங்கள் அதைப் போட்டுக்கொண்டே வந்தீர்கள். எனக்குப் பொருந்தியிருக்கக் கூடியதைவிட உங்களுக்கு நன்றாகவே பொருந்தியது. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் செய்வதை நீங்கள் எப்படி வேடிக்கை பார்ப்பீர்கள்! ஊறி முளை காட்டிய விதையைத் தட்டில் நெருக்கமாகப் பரப்பி, மேலே காலித் தட்டை வைத்து, அதன் மேல் கிரைண்டர் குழவியை ஏற்றி, கட்டிலுக்கடியில் இருட்டில் தள்ளுவேன். பாரம் இருந்தால்தான் வேர் கீழே பிடிக்கும், தொலி கழலும். உங்களுக்கு அது பொறுக்கவில்லை.

"பச்சப்புள்ள தலைமேல பாறாங்கல்ல வெச்சுப்போட்டு, இது வெவசாயமுங்களா?"

"கல்லு இல்லீன்னா தொலியோட எந்திரிச்சு நிக்குமுங்க மச்சான்."

"நிக்கட்டுங்க. எல்லாம் ஹெல்மெட்டோட நிக்குதுன்னு போலீஸ்காரனாவது சந்தோசப்படுவான்."

உள்ளேயிருந்து சரசு, "உங்க ரெண்டு பேரு வெவசாயமும் இருக்கட்டும், மாவாட்டோணும், என்ற குழவியக் குடுங்க" என்பாள். குழவியைத் தூக்கிக்கொண்டு நாம் இருவரும் அடுப்படிக்கு ஓடுவோம்.

நீங்கள் ஒரே ஒரு முறைதான் என் விவசாயத்தில் கை வைத்தீர்கள். முதலில் வரும் அந்தக் கொழுத்த இரட்டை இலையோடு அறுத்துவிட வேண்டும். நான் கத்தரிக்கோலை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "பிஞ்சுல அறுக்கறதுங்களா? வெவசாயி பாத்துட்டு இருக்க முடியாதுங்க. சித்த வளரட்டும்." ஊருக்குப் போய்விட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தீர்கள். அதற்குள் சொரசொரவென்று அடுத்த இலை வந்துவிட்டது. அறுத்து, எலுமிச்சை பிழிந்து, நான்கு பேரும் சாப்பிட்டோம். கீர்த்தியும் அன்று வந்திருந்தாள். வாயில் வைக்க முடியாத கசப்பு. ஆனால் நம் ஆட்களுக்கு அதைச் சொல்ல வாய் வருமா?

"நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன் நான்.

"ஆமாங்க, மணமா இருக்குது" என்றீர்கள் நீங்கள், கண்ணில் தண்ணீரோடு.

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்கண்ணா" என்றாள் சரசு.

மரியாதைக்காக நீங்கள் அதையும் வாங்கிச் சாப்பிட்டீர்கள். கடைசியில் கீர்த்திதான், "மாமா, இது வேப்பெல. எல்லாரும் ஏன் இப்படி நடிக்கறீங்க?" என்று கேட்டு நம்மைக் காப்பாற்றினாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன விசேஷம் என்று விசாரித்தார். அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தோம். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கடைசியாக நீங்கள் வந்தது ஒரு கல்யாணத்துக்கு. அவசரத்தில் நின்றபடியே டீ குடித்தீர்கள். விதையைக் கொட்ட டப்பா தேடப் போன சரசுவிடம், "பை இங்கயே கெடக்கட்டும் அம்மணி, அடுத்த தபா வாங்கிக்கறேன். வாரேன்" என்று சொல்லிப் படியிறங்கினீர்கள். அடுத்த தபா இல்லாமல் போனது. நெஞ்சுவலி என்று சேதி வந்து, நாங்கள் வந்து சேர்ந்தபோது நீங்கள் இல்லை.

சரசு அங்கே அழுதாள். இங்கே திரும்பிய பிறகு அழவில்லை. உங்கள் பையின் வாயைச் சுருட்டிக் கட்டி, பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். நான் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். கடையில் வேறு விதை வாங்கலாம்தான். கால் போகவில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனாலே அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கிரைண்டர் குழவிக்கு மட்டும் நிம்மதி.

கீர்த்தி போனில் என்னிடம் சொன்னாள். "அப்பா, வெத எடுத்து வெக்க வெக்க மொளைக்கற சக்தி போயிருமாம்ப்பா. மாமா குடுத்தத அப்படியே வெச்சிருந்தா செத்துரும். அம்மாகிட்டச் சொல்லுங்க."

எப்படிச் சொல்வது? போட்டால் முளைத்து, அறுத்து, தின்று முடிந்துவிடும். அண்ணன் கையால் கொடுத்தது என்று அவளிடம் அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. போடாமல் வைத்தாலும் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். பட்டறையில் எரிந்துபோன மோட்டாரைக்கூடப் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இந்தப் பையை எனக்குப் பிரிக்கத் தைரியம் வரவில்லை.

பூச்சிக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் புறப்படச் சேலை எடுத்தபோது பீரோவிலிருந்து சின்ன அந்துப்பூச்சி ஒன்று பறந்து வந்தது. சரசு கட்டிலில் உட்கார்ந்து பையை மடியில் அவிழ்த்தாள். ஓரத்தில் விதைகள் நூலாம்படை கட்டிக் கொத்தாக ஒட்டியிருந்தன. முறத்தை எடுத்து வந்து புடைத்தாள். நல்லதை ஒரு பாத்திரத்தில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, ஊறப் போடுங்க."

"பாதியப் போடலாமா?"

"மிச்சம் வெச்சு என்னுங்க பண்றது, பூச்சிக்கா?" என்றவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மொளைக்கலீன்னா?"

மொளைக்கும் என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் நான் அடித்துச் சொன்ன எத்தனையோ பேச்சில் அதுவும் ஒன்று.

அந்தத் தடவை குழவியைச் சரசுவே தூக்கி வந்து கொடுத்தாள். இட்லிக்குக் கடையில் மாவு வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் வாயால் சொன்னதை அன்றுதான் கேட்டேன். குழவி மேலே இருந்த நாட்களில் நாங்கள் இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தோம். ஒரு தரம் இருவர் தலையும் அங்கேயே முட்டிக்கொண்டன. "மூக்குக்கண்ணாடி உழுந்துருச்சு" என்றேன். கண்ணாடி என் முகத்தில்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் மேல்தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குழவியையே கிளப்பிவிட்டிருந்தன, மச்சான்! அத்தனையும் இல்லை, பாதிக்குச் சற்று மேலே இருக்கும். வெளிறிய தண்டோடு, தலையில் தொலியோடு, கூட்டமாக முட்டிக்கொண்டு எழுந்திருந்தன. நான் கூப்பிடுவதற்குள் சரசு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு தொலியை விரலால் தட்டிவிட்டு, "ஹெல்மெட்டு" என்றாள். அப்புறம் அழுதாள். நான் தண்ணீர் டப்பாவை வைத்துக்கொண்டு எங்கே அடிப்பது என்று தெரியாமல் சும்மா காற்றில் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் பச்சை பிடித்து, இரட்டை இலை விரிந்து, அறுக்கிற நாளும் வந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன், கை வரவில்லை. சித்த வளரட்டும் என்று நீங்கள் பக்கத்தில் நின்று சொல்வது போலவே இருந்தது. சரசு கத்தரிக்கோலைப் பிடுங்கினாள். "அண்ணன் பேச்சக் கேட்டா கசந்துபோயிருமுங்க" என்று சொல்லிச் சரசரவென்று அறுத்தாள். ஒரு மூலைக்கு வந்ததும் நிறுத்தினாள். அந்தக் கொஞ்சத்தை வேரோடு பெயர்த்து, பழைய பெயின்ட் பக்கெட்டுகளில் மண் நிரப்பி, மொட்டை மாடியில் நட்டாள். அறுத்ததை எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. இந்த முறை மரியாதைக்காகச் சொல்லவில்லை.

மாடியில் நீங்கள் சொன்னபடியேதான் நடந்தது. ஒன்று என்னைத் தாண்டி வளர்ந்தது. ஒன்று முழங்காலோடு நின்றுவிட்டது. ஒன்று கிளை விட்டுக் கிளைக்கொரு பூ வைத்தது. நெட்டையாகச் சத்தமில்லாமல் நின்றதைக் கீர்த்தி என்றாள் சரசு. ஊருக்கெல்லாம் முகம் காட்டிய கிளைக்காரர் நீங்களாம். குட்டையாகப் பிறந்து, எல்லோருக்கும் முன்னால் பூத்து, எல்லோருக்கும் முன்னால் தலையைத் தொங்கப்போட்ட ஒன்றைக் காட்டி என்னைப் பார்த்தாள். நான் அதற்கு மட்டும் இரண்டு டம்ளர் தண்ணீர் கூடுதலாக ஊற்றினேன்.

அணிலுக்கும் கிளிக்கும் தப்ப வைக்கப் பழைய கொசுவலையை வெட்டிப் பூவுக்கெல்லாம் முக்காடு போட்டேன். உங்கள் காட்டில் கிடைப்பதற்கு முன்னால் இதெல்லாம் ஒரு விளைச்சலா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். உதிர்த்துக் காயவைத்துப் பார்த்தபோது, போட்டதைவிட அதிகம் இருந்தது.

சேதி இதுதான், மச்சான். இன்று கட்டிலுக்கடியில் வாசம் வந்தது அந்த விதையில் ஒரு பிடியிலிருந்துதான். மாடியில் விளைந்தது முளைக்கிறதா என்று பார்க்கப் போட்டோம். முளைத்துவிட்டது. மீதி உங்கள் மஞ்சப்பையில், துவைத்துக் காயவைத்த பையில், இருக்கிறது. நாளைக்கு உங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா. பையை உங்கள் வீட்டுக்காரம்மா கையில் கொடுக்கப் போகிறோம். அடுத்த தபா வாங்கிக்கொள்வதாக நீங்கள் விட்டுப்போன பை, வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதில் சரசு இன்னும் கண்டிப்பாகத்தான் இருக்கிறாள்.

விதை போட்டும் பையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. நோம்பிக்கென்று நான் வாங்கிய புதுச் சட்டை கட்டில் மேல் கிடக்கிறது. அவள் பையை ஒரு தரம் பார்க்கிறாள், சட்டையை ஒரு தரம் பார்க்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டே சட்டையை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்குப் பேருந்தில் பை என் மடியில்தான் வரும்.