மாமாவின் நாலரை விரல்

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் ஸ்கூல் பிராஜெக்ட்: சாப்பாட்டில் சேரும் கிருமியை எந்த மூலிகைச் சாறு கொல்லும்? என் பிராஜெக்ட்: கூடச் செய்யும் தேவதர்ஷினியை அலற வைப்பது. கிருமிகளுக்கு விருந்தாக அகர் ஜெல்லி ஊற்றிய பெரிய தட்டோடு திருவானைக்காவல் போனேன். அம்மாவின் தம்பி ரத்தினவேல் மாமா அங்கே இட்லிக்கடை வைத்திருக்கிறார்.

"கைய வைங்க மாமா, ஜோசியம் சொல்றேன்."

"நாலரை விரல்தான் இருக்கு. பலனையும் அரைகுறையா சொல்லிடாதடி."

மோதிர விரலில் பாதி, அரியமங்கலம் பட்டறையில் எப்போதோ போனது. அந்தக் கையைத் தட்டில் அழுத்திப் பதித்தார்.

ஜூலை 10, வியாழன்

கை முளைத்துவிட்டது! மஞ்சள் புள்ளிகளாலேயே நாலரை விரலோடு ஒரு கை, தட்டிலிருந்து எங்களை நோக்கி. தர்ஷினி போட்ட கத்தலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

ரஞ்சனி மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவு மஞ்சளா? யார் கைடி இது? சமைக்கிற கையா இருந்தா, சாப்பிடறவங்க வாந்தி எடுத்தே படுத்துடுவாங்க."

"பேயோட கை மிஸ்."

பேர் சொன்னால் மாமா கடை என்ன ஆகும்?

ஜூலை 11, வெள்ளி

வேப்பிலை சுமார். கற்பூரவல்லி பரவாயில்லை. கிராம்புச் சாறு விட்ட இடத்தைச் சுற்றி மட்டும் துடைத்து வைத்த மாதிரி கிருமியில்லாத வட்டம். கிராம்பு இருக்க வம்பு எதற்கு? ஒரு பாட்டில் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தேன். "கை கழுவிட்டுத் தடவிக்குங்க."

ஏன் என்று கேட்கவே இல்லை. சட்டென்று வாங்கிக்கொண்டார். அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

கடை முழுக்கக் கிராம்பு வாசனை. அதற்கு அடியில் வேறு ஏதோ — என்ன வாடை அது? இன்னொரு தட்டு நீட்டினேன். பதித்தார். இந்த முறை ஜோக் இல்லை.

ஜூலை 17, வியாழன்

மற்ற விரல்களில் புள்ளி குறைந்திருக்கிறது. மோதிர விரல் — முழுசா இருக்கு. மாமாவுக்கு இல்லாத பாதி தட்டுல இருக்கு. கெட்டியா, மஞ்சளா, நுனி வரைக்கும்.

மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"விரல் இல்லடி இது. வெட்டுப்பட்ட நுனியில புண்ணு இருக்கணும். சீழ் வழிஞ்ச தடம். தட்டுல கிராம்பு ஜெயிக்கும், புண்ணுக்குள்ள எப்படி எட்டும்?"

அப்ப நான் குடுத்தது மருந்தே இல்ல. வாடைக்கு மூடி.

நேராகக் கடைக்கு ஓடினேன். தினமும் சாப்பிட வரும் தாஜுதீன் அண்ணன், தன் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, குடுக்காதீங்க!" கத்திட்டேன். எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். அப்புறம் மாமாவை. மாமா மெதுவாகக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஜூலை 18, வெள்ளி

மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரை வியாதியாம். அதனால் புண் வலிக்கவே இல்லையாம்; கடை போய்விடுமென்று மறைத்திருக்கிறார். கடை பூட்டு. அத்தை என் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கடை திறந்திருக்கிறது. அத்தை பரிமாறுகிறார். மாமா கல்லாவில், கட்டுப்போட்ட கை மடியில். உள்ளே போகலாமா என்று நின்றேன்.

"புள்ளைக்கு ரெண்டு இட்லி வை" என்றார் மாமா, அத்தையைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை.

இட்லி வந்ததும், பழக்கத்தில் சட்னிக் கரண்டியை எடுக்க எழுந்தார். பாதியில் நின்றார். உட்கார்ந்துவிட்டார்.

அத்தை ஊற்றினார். நான் இலையை விட்டுத் தலை தூக்கவில்லை.