ஹோம்லிக்கு இன்னொரு அர்த்தம்

அண்ணாச்சி,

உங்கள் பதினாறாம் நாள் அட்டை அச்சாகி வந்துவிட்டது. மை இன்னும் சரியாகக் காயவில்லை. படத்தைத் தொட்ட விரலில் உங்கள் மீசை ஒட்டிக்கொண்டது. கீழே இங்கிலீஷில் இருக்கும் ஒரு வரி நான் எழுதியது.

பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்காக நீங்கள் எழுதிய கடிதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சங்கரன்கோவிலில் ஒரே வக்கீல் ஆபீசில் நாம் இருவரும் டைப்பிஸ்ட். மாப்பிள்ளை வீட்டார் இங்கிலீஷ் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். பதிலும் இங்கிலீஷில் போனால்தான் மதிப்பு என்று அப்பா உங்களிடம் வந்து நின்றார். என்னைப் பற்றி 'ஹோம்லி' என்று போட்டீர்கள். கல்யாண விளம்பரங்களில் தினமும் பார்க்கிற சொல்தானே, குடும்பப்பாங்கான பெண் என்று நானும் பூரித்துப்போனேன். முகப்பருவுக்கு அம்மா கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிவிட்ட காலம் அது.

மறுநாள் நன்றி சொல்ல ஒரு சீப்புப் பழத்தோடு அப்பா ஆபீசுக்கு வந்தார். நீங்கள் அகராதியை விரித்து என் முன்னால் வைத்தீர்கள்.

"இன்னொரு அர்த்தமும் இருக்கு, பாத்தியாட்டி?"

விரலை ஊன்றி, இங்கிலீஷிலேயே உரக்க வாசித்தீர்கள். பார்க்க லட்சணமில்லாத என்று அதற்குப் பொருள். "நான் பொய் எழுதலைல்லா?" என்றீர்கள். குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்றும் புரியாத அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் வரவில்லை. உங்கள் சொல்லால்தான் வரவில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிறகு வேறிடத்தில் கல்யாணம் ஆனது, நல்ல மனிதர்தான். ஆனால் அவர் என்னை அழகு என்று சொன்னபோதெல்லாம் அகராதியில் ஊன்றிய உங்கள் விரல்தான் கண்ணில் நின்றது. நீங்கள் நாசமாய்ப் போகவேண்டும் என்று கோமதியம்மனிடம் கேட்டிருக்கிறேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

போன வாரம் உங்கள் மகன் வந்தான்.

"அப்பாவுக்கு இங்கிலீஷ்னா உசுருக்கா. அட்டைக்கு ஒரு வரி எழுதித் தாங்க."

டைப் அடித்துக் கொடுத்தேன்: 'எ ஹோம்லி மேன்.'

"குடும்பப்பாங்கான மனுசன், அப்படித்தானக்கா?"

"ஆமா மக்கா."

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அன்று சிரித்த குமாஸ்தா ஊரை விட்டே போய்விட்டார்; இந்தத் தெருவில் என்னைத் தவிர அந்த இன்னொரு அர்த்தம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் இல்லை. இனி அந்தச் சொல் எனக்கு மட்டும்தான்.

இன்று அட்டையைக் கொண்டுவந்த உங்கள் மகன் கையில் ஒரு சீப்புப் பழமும் இருந்தது. "எல்லாரும் பொருத்தமா இருக்குன்னு சொல்லுதாவக்கா" என்று சிரித்தான். அண்ணாச்சி, அது என் அப்பாவின் சிரிப்பு. அதற்கும் சேர்த்து உங்களை மன்னிக்க மாட்டேன்.