திங்கட்கிழமைக்குள் ஒரு வண்டி

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பாவும் அம்மாவும் ஆசியோடு சொல்லச் சொல்ல, தம்பி எழுதுவது.

இதனால் தொலைதூரத்தில் வசிக்கும் இக்குடும்பத்தின் மூத்த வாரிசுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் வீட்டு மோட்டார் சைக்கிளின் ஹாரன் கடந்த செவ்வாய்க்கிழமை காலை எட்டே கால் மணிக்கு, ஒரு பால் வண்டிக்குப் பின்னால், பூனைக்குட்டி மாதிரி ஒரே ஒரு தடவை முனகிவிட்டு ஓய்ந்தது. அடுத்த நிமிடம் எஞ்சினும் அதே வழியில் போனது, ஆனால் முந்திக்கொண்டது ஹாரன் என்பதால் முதல் இரங்கல் அதற்கே. மற்றபடி அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, செருப்பில்லாமல் சில்லென்ற தரையில் நடக்காமல் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறோம். செருப்பு விஷயம் அம்மா சேர்க்கச் சொன்னது.

இதை ஏன் அப்பா தன் கையால் எழுதவில்லை என்று யோசிப்பாய். போன வாரம் ரிப்பேருக்குப் போன ஒரு வீட்டில் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தகரம் அவருடைய வலது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது, இரண்டு தையல், பயப்படும்படி ஒன்றுமில்லை என்று மூன்று முறை எழுதச் சொன்னார், தாளை மிச்சம் பிடிக்க ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோன்ல பேசினா அவ குறுக்க குறுக்கப் பேசி ஜெயிச்சிடுவா, எழுத்துல போட்டா வாயை மூடிட்டுப் படிச்சுத்தானே ஆகணும் என்பது அம்மாவின் திட்டம். எழுதி முடித்ததும் படமெடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவேன், தாள் பின்னால் தபாலில் ஆடி அசைந்து வரும். இதில் நான் என்று வருவதெல்லாம் நான்தான். அப்பா சொன்னதை அப்பா சொன்னார் என்றே எழுதுகிறேன், பின்னால் யாரும் என் தலையில் கட்டக் கூடாது பார்.

வண்டிக்கு வயது பதினேழு, என்னைவிட ஒரு வயது மூத்தது. தள்ளாத வயது என்பார்கள், இது தள்ளுகிற வயது. பால் வண்டி நின்ற இடத்திலிருந்து மெக்கானிக் கடை வரைக்கும் முன்னால் அப்பா தள்ள, பின்னால் ஃபிரிட்ஜுக்கு நிரப்பும் கேஸ் சிலிண்டரும் கருவிப் பெட்டியும் கட்டியிருந்த இடத்தில் கை வைத்து நான் தள்ளினேன். மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார், பிறகு, அண்ணே, இனிமே இதுல நீங்க போடுற காசு வண்டிக்கு வராது, எனக்குத்தான் வரும், அதனால சொல்றேன், விட்டுடுங்க என்றார். அப்பா பெட்ரோல் டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நானும் கேலி எதுவும் பண்ணாமல் நின்றேன், நம்பு.

வண்டி இல்லாமல் அப்பாவுக்கு வேலை இல்லை. கேஸ் சிலிண்டரோடு பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள். ஐந்து நாளாகப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போகிற தூரத்திலுள்ள வீடுகளை மட்டும் பார்த்து வருகிறார். தூரத்து வீடுகளிலிருந்து கூப்பிடுகிறவர்களிடம் திங்கட்கிழமை வண்டியோட வந்துடறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். எட்டு வீட்டில் ஃபிரிட்ஜ் அலமாரியாக மாறி அவருக்காகக் காத்திருக்கிறது. இன்று ஞாயிறு.

புதுசா பழசா என்பதில்தான் அப்பா வசமாக மாட்டிக்கொண்டார். இருபத்தைந்து வருடமாக எந்த வீட்டுக்குப் போனாலும், ரிப்பேர் பண்ணலாமா புதுசே வாங்கிடலாமா என்று கேட்கிறவர்களிடம், பழசுன்னா பயப்படாதீங்க, நல்லாப் பார்த்துக்கிட்டவங்க கைப்பொருளா இருந்தா புதுசைவிட உழைக்கும் என்று சொல்லிச் சொல்லியே இந்தக் குடும்பத்தை ஓட்டியவர். தனக்கென்று வந்ததும் டீ குடிக்கும்போது பழசு என்கிறார், குளித்துவிட்டு வரும்போது புதுசு என்கிறார். அடுத்தவங்க ஃபிரிட்ஜுக்குச் சொல்ற நியாயத்தைக் கொஞ்சம் உங்க வண்டிக்கும் சொல்லுங்களேன் என்றாள் அம்மா. ஃபிரிட்ஜ் நின்னா வீட்டுக்குள்ள நிக்கும்டி, வண்டி நின்னா நடுரோட்டுல நிக்கும் என்றார் அப்பா. அந்தச் சுற்றில் அப்பா ஜெயித்தார். இந்த வருடத்தில் இது முதல் தடவை என்பதால் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

இந்த நெருக்கடியில் பழைய வண்டி தேடும் குழுவுக்குத் தலைவராக நான், என்னால், ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். புதன்கிழமை பள்ளி விட்டதும் அப்பாவும் நானும் பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருக்கும் பழைய வண்டிக் கடைக்குப் போனோம். அங்கே நிற்கிற வண்டி எல்லாமே டாக்டர் ஓட்டிய வண்டியாம், அத்தனை டாக்டரும் வண்டி ஓட்டிக்கொண்டே இருந்தால் ஊசி போட்டது யார் என்று தெரியவில்லை. அப்பா ஒரு கறுப்பு வண்டியின் சங்கிலியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், கடைக்காரர், காலையிலேர்ந்து இதை யாரும் தொடக்கூட இல்லண்ணே, இப்ப பாருங்க, ஒரே உதையில எந்திரிக்கும் என்று அளந்துகொண்டிருந்தார். அப்போதுதான் உன் தம்பி புறங்கையை எஞ்சின் மேல் அமைதியாக வைத்துப் பார்த்தான். சூடு. கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்து, தொடாத வண்டிக்கு எப்படிண்ணே காய்ச்சல் வந்தது என்று கேட்டேன். அப்பாவின் புருவம் ஏறியது. சரி, ஆறட்டும், டீ குடிச்சிட்டு வரோம் என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்துப் போனோம். ஆறிய வண்டியைக் கடைக்காரர் பத்தொன்பது உதை உதைத்தார், எண்ணினேன். சோதனை ஓட்டம் என்று சொல்லியிருந்தார்கள், ஓட்டத்தைக் காணோம், சோதனை மட்டும்தான். என் கூர்மையான புத்தியால் குடும்பம் தப்பித்தது. இதை அங்கே உன் தோழிகளிடம் நீ தாராளமாகச் சொல்லலாம்.

மறுநாள் வியாழக்கிழமை நூலகத்து அம்மா வீட்டுக்கு அப்பா நடந்தே போனார், ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் மாற்ற. உனக்கு அவர்களைத் தெரியும், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற நூலகர், திருப்பித் தராத புத்தகத்துக்காக உன்னைக் கடைத்தெரு வரைக்கும் துரத்திப் பிடித்தவர். அந்த வண்டி எட்டு வருடமாக வீடு, நூலகம், வீடு என்று மட்டுமே ஓடியது. எண்ணெய் மாற்றிய தேதியை எல்லாம் ஒரு நூலக அட்டையில் வரிசையாகக் குறித்து சாவியோடு கட்டி வைத்திருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர்களாகவே, என்னங்க நடந்து வரீங்க என்று விசாரித்து, எனக்கு முழங்கால் வலி, டாக்டர் வண்டியை உதைக்கக் கூடாதுங்கறார், நீங்க எடுத்துக்கறீங்களா, பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ரெண்டு நாள்ல கூப்பிடறேன் என்று சொன்னார்களாம். விலையும் நம் கைக்கு அடக்கம். அப்பா அன்றைக்கு வீட்டுக்குள் வந்தது நடை இல்லை, துள்ளல்.

ஆனால் சனிக்கிழமை முழுக்க ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார், அழைப்பு இல்லை. நீங்களே கூப்பிட்டுக் கேளுங்களேன் என்றாள் அம்மா. அப்பாவின் சட்டம்தான் உனக்குத் தெரியுமே, வேலைக்குப் போகிற வீட்டில் வேலைக்கு வேண்டியதைத் தவிர எதையும் கேட்கக் கூடாது, தண்ணீர்கூட அவர்களாகக் கொடுத்தால்தான். கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாம சங்கடப்படுவாங்க, அப்புறம் ஃபிரிட்ஜ் கெட்டாக்கூட நம்மளைக் கூப்பிடக் கூச்சப்படுவாங்க, பையன் வேணாம்னிருப்பான், விடு என்றார். விட்டுவிட்டு, ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தார்.

ஆகவே நாளைக் காலை புது வண்டிக் கடைக்குப் போவதாக முடிவு. இனி வருவது அப்பா சொன்னது, ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை. இந்தா பாரும்மா, நீ வர்றதுக்கு எடுத்து வெச்ச டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு அந்தப் பணத்தைப் புது வண்டிக்கு அனுப்பறேன்னு சொன்ன பாரு, அந்தப் பேச்சே வேணாம். உன்னைப் பார்த்து மூணு வருஷமாச்சு. வண்டியைத் தவணையில எடுத்துக்கறேன், சாயங்காலமும் நாலு வீடு கூடப் பார்த்தா கட்டிடலாம். நீ பேசாம கிளம்பி வா. இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மை தீர்ந்துடுச்சாடா என்று அப்பா கேட்டார். ஆமாம் என்று சொல்லி, நன்றாக எழுதிக்கொண்டிருந்த பேனாவை மாற்றினேன். அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து, சாயங்கால வேலைன்னெல்லாம் எழுதாதடா, தையல் போட்ட விரலோட அப்பா ராத்திரி வரைக்கும் அலையறார்னு தெரிஞ்சா அவ அன்னிக்கே டிக்கெட்டை ரத்து பண்ணிடுவா என்றாள். எழுதுடா, பிள்ளைகிட்ட மறைக்க என்ன இருக்கு என்றார் அப்பா. எழுதாதடா என்றாள் அம்மா. இரண்டு பேர் பேச்சையும் தட்டாமல், எழுதச் சொன்னதையும் எழுதாதே என்று சொன்னதையும் எழுதிவிட்டேன்.

உன் கட்டிலின் ஆடுகிற காலுக்கு அப்பா ஆணி அடித்துவிட்டார். அம்மா உன் போர்வையை இரண்டு முறை துவைத்துவிட்டாள், முதல் முறையே அழுக்கு இல்லை. உன் அலமாரியில் குடியேறியிருந்த என் உடைமைகளுக்கு வெளியேறும்படி உத்தரவு வந்திருக்கிறது, மேல்முறையீடு தள்ளுபடி. என் கணக்குத் தேர்வைப் பற்றி உனக்கு எழுதச் சொன்னாள் அம்மா, இடம் போதவில்லை. நீ சம்பளத்தை எல்லாம் இங்கேயே அனுப்பிவிட்டு அங்கே வயிற்றைக் கட்டாதே, குளிருக்கு நல்லதாக ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், ஈரத்தலையோடு வெளியே போகாதே, மாடிப்படியில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இறங்காதே.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும், உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறார்கள். டிக்கெட் பத்திரம். வெளியே கிளம்பும்போது அடுப்பை அணைத்தாயா என்று திரும்பிப் போய்ப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா, அம்மா
(கோழி கிளறியது போலிருப்பது அப்பாவின் இடது கைக் கையெழுத்து)

அக்கா, இது தாளின் பின்பக்கம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். இங்கே எழுதுவது நான் மட்டும்.

சின்னப் பொய்யை முதலில் சொல்லிவிடுகிறேன். புறங்கை வைத்துப் பார்த்ததெல்லாம் இல்லை. அந்தக் கறுப்பு வண்டியின் கண்ணாடியில் குனிந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கி, கெண்டைக்கால் சைலன்ஸரில் பட்டுவிட்டது. ஐயோ அம்மா என்று கத்தினேன், அதில்தான் அப்பாவுக்குச் சூடு விஷயம் தெரிந்தது. காய்ச்சல் வசனம் வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தது. கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

பெரியது இது. நூலகத்து அம்மா கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான்தான் எடுத்தேன். இப்போதெல்லாம் ஃபோனில் என் குரலைக் கேட்டு எல்லோரும் அப்பா என்றே நினைக்கிறார்கள். பையன் சரின்னுட்டான், வந்து எடுத்துக்கங்க என்றார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இல்லைங்க, நாங்க புதுசே எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம், ரொம்ப நன்றிங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். அழைப்பு வந்த தடத்தையும் அழித்துவிட்டேன். இரண்டு நாளாக அப்பா அந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சற்று முன் பேனாவை மாற்றிய சாக்கில் கொல்லைப்பக்கம் போய் அவர்களைக் கூப்பிட்டேன். என் சொந்தக் குரலில்தான், அது பாதியில் கீச்சென்று போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, வண்டி இங்கதான் இருக்கு, இதை அப்படியே உங்கப்பாகிட்ட சொல்லிட்டு, ரெண்டு பேருமா வாங்க, சொல்லாம வந்தா சாவி கிடைக்காது என்றார்கள்.

அப்பா புது வண்டிக் கடைக்கான காகிதங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார், கட்டைவிரல் மடங்காததால் ஒவ்வொன்றுக்கும் நேரமாகிறது. இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பிவிட்டு நேராக அவர் முன்னால் போய் நிற்கப் போகிறேன். என்ன விழும் என்று தெரியவில்லை, விழட்டும். நீ மட்டும் டிக்கெட்டில் கை வைக்காதே. புது வண்டியில் போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறங்க வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அக்கா நான் நினைத்தது. உன்னிடம் பணம் நிறைய இருக்கிறது போல, அனுப்புகிறாய் என்று நினைத்தேன். அது நீ வருவதற்கு வைத்திருந்த பணம் என்று, அப்பா சொல்லி நான் எழுதும்போதுதான் எனக்குத் தெரியும்.