அளவு தப்பும் கை

என் ஆசை மதினி,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் தம்பி உங்களைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. அவரிடம் பேச முடியாததை உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்யாணத்தில், கோச்சடை மண்டபத்தில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? முதல் முடிச்சை உங்கள் தம்பி போட்டார். மிச்சத்தை நாத்தனார் போடவேண்டும். உங்கள் விரல் என் கழுத்தை நெருங்க நெருங்க நடுங்கியது. கயிற்றைத் தாண்டிப் போய்க் காதில் இடித்தது.

"வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்கப்பா, நேரம் போகுது" என்றார் ஒரு பெரியவர்.

பூ வைக்க வந்த அன்று நீங்கள் முழங்கையை மேசையில் ஊன்றிக் காபி குடித்ததைப் பார்த்திருந்தேன். குனிந்த தலை நிமிராமல், "என் தோள்ல ஊனிக்கங்க மதினி" என்றேன். ஊன்றியதும் நடுக்கம் குறைந்தது. நன்றாக இறுக்கித்தான் போட்டீர்கள்.

கைக்குப் பலம் குறையவில்லை என்பது அப்புறம்தான் விளங்கியது. பின்மண்டைக்குள் இருக்கும் சிறுமூளைதான், கை எவ்வளவு தூரம் போகவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்குமாம். அது சுருங்கினால் கையும் நடையும் பேச்சும் அளவு தப்பும் என்றார், நாம் இருவரும் போய்ப் பார்த்த டாக்டரம்மா. பரம்பரையாக வரக்கூடியது என்றும் சொன்னார். அப்போது என் கையை இறுக்கிப் பிடித்தீர்களே, எதற்கு மதினி?

தள்ளாடி நடப்பதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று ஊர் பேசுமே என உங்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். தெப்பத் திருவிழாவுக்குக்கூட அனுப்பவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கொஞ்ச நாளாக உங்கள் தம்பி மாடிப்படியில் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்குகிறார். சட்டைப் பொத்தான் போடும்போது திரும்பி நின்றுகொள்கிறார். நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அக்காவுக்கு மொதல்ல எப்படி ஆரம்பிச்சுச்சாம்?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நடையிலன்னு மதினி சொல்லிருக்காக."

"அப்ப அதுதான்" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

நாளைக்கு அதே டாக்டரம்மாவிடம் போகிறோம். வேறு ஏதாவதாக இருக்கக்கூடாதா என்று மனது அடித்துக்கொள்கிறது. அதுவே என்றாலும், உங்களை வைத்த மாதிரி அவரை வீட்டுக்குள் வைக்கவிட மாட்டேன். கோரிப்பாளையம் சிக்னலில் அவர் தள்ளாடினால் பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் நடைக்கே நானும் நடப்பேன்.

உங்கள் தம்பி பொண்டாட்டி,
செல்வி