குஞ்சுக்குக் காவல் இருந்த விரால்

செஞ்சி
ஞாயிறு காலை

அன்பு மகள் ஷிபாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி அர்ஷத்தும் நலம். கடல் கடந்து அங்கே நீயும் வசீம் மாப்பிள்ளையும் அதே போல இருக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு தொழுகையிலும் நான் கேட்பது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் எனக்குக் குரல் முதலில் வருகிறது, யோசனை பிறகுதான் வருகிறது. டிசம்பரில் நீ ஆஸ்பத்திரி பில்லிங் வேலையை விட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் திண்டிவனத்துப் பெண் கவிதாவோடு சேர்ந்து டிபன் கடை போடப் போகிறேன் என்று சொன்னபோது நான் போட்ட சத்தம் எதிர்சாரி மருந்துக் கடை வரைக்கும் கேட்டதாம். அன்றிலிருந்து நான் போனை வாங்கினால் நல்லா இருக்கேன் அத்தா என்று மூன்று வார்த்தை, அதோடு அம்மாகிட்ட குடுங்க என்கிறாய். இந்த மாதக் கடைசிக்குள் கடை இடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், அத்தா சரி என்று சொல்லாமல் கை வரவில்லை என்று நீ அம்மாவிடம் அழுததும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் அர்ஷத் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான்.

அம்மாவுக்கு முட்டி வலி குளிர் போனதும் குறைந்திருக்கிறது, ஆனால் தைலம் தேய்த்துவிட ஆள் வேண்டும் என்பதால் குறையவில்லை என்கிறாள். கடையில் பைப்பு, மோட்டார் வியாபாரம் பரவாயில்லை, மழை நன்றாகப் பெய்ததால் சிங்கவரம் பக்கம் எல்லாரும் இரண்டாம் போகம் வைத்துவிட்டார்கள். எனக்குச் சுகர் இறங்கியிருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார், ஜோலி இல்லாமல் நடக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை அங்கே ஏரியில் பாஸ் என்கிற மீன் பிடிக்கிற தூண்டில் ஒன்றும் அதில் இரைக்குப் பதிலாக மாட்டுகிற ரப்பர் தவளை ஒன்றும் போன வருஷம் இங்கே விட்டுப் போனாரே, அதை எடுத்துக்கொண்டு ஐப்பசியிலிருந்து ஞாயிறுதோறும் பனமலை ஏரிக்குப் போகிறேன். துணைக்கு மல்லாட்டை மண்டி ஸ்ரீபால் நைனார். அவர் ஜைனர், மீன் பக்கமே திரும்ப மாட்டார், ஏரியை விட்டு மலைக் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கரையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பாய், உமக்கு சுகர் கொறையுதோ இல்லியோ, மீனுக்கு பிரஷர் ஏறுது என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேலி பண்ணுவார்.

முதல் ஒரு மாதம் ஒரு செதில்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு நிழல் இருக்கிற இடத்தில் நின்று வீசினேன், மீனுக்கு நிழல் இருக்கிற இடத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் விற்ற காலத்தில் எந்தத் தெருவில் எந்த நேரம் பொம்பளைங்க வாசலுக்கு வருவார்கள் என்று கணக்காகத் தெரிந்து வைத்திருந்தவன், கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து மறந்துவிட்டேன். அப்புறம் தாமரை இலை ஓரமாகத் தவளையை மெல்ல இழுக்கப் பழகினேன். இன்னொன்று, கடித்த உடனே வெடுக்கென்று இழுத்தால் தவளை மட்டும்தான் திரும்பி வரும். மீன் வாயை மூடட்டும் என்று இரண்டு மூச்சு பொறுக்க வேண்டும். அந்த இரண்டு மூச்சு எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உன் அம்மாவைக் கேள்.

பொங்கல் கழிந்த வாரம் தண்ணீர் மேல் ஒரு இடம் சிவப்பாகக் கொதிக்கிற மாதிரி துடித்தது. அதன் மேல் வீசினேன், விழுந்த வேகத்தில் பெரிய விரால் பாய்ந்து கவ்வியது. இரண்டு கிலோவுக்குக் குறையாது. சூட்சுமம் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் ஏரிக் குத்தகைக்காரர் பச்சமுத்து நின்றிருந்தார், அவரிடம் தூக்கிக் காட்டினேன். அவர் முகமே சரியில்லை. இன்னா பாய், அது பசியில கடிச்சிதுன்னு நெனச்சிக்கினியா, செவப்பா இருந்தது அதோட குஞ்சிங்க, மேல எது வந்தாலும் கடிக்கும், குச்சிய போட்டாலும் கடிக்கும், இத புடிக்க தூண்டி எதுக்கு என்றார். ஸ்ரீபால் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். மீனுக்கும் அதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. வீட்டில் உன் அம்மா குழம்பு வைத்தாள், எல்லாரும் சாப்பிட்டார்கள், எனக்கு மட்டும் இறங்கவில்லை. மறுநாள் கடையைத் திறக்காமல் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் நீர்க்காகம் நான்கு முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது, சிவப்பு எதுவும் இல்லை. மாப்பிள்ளையிடம் போனில் கேட்டேன், பாஸ் மீனும் அப்படித்தான் மாமா, அப்பன் மீன்தான் கூட்டுக்குக் காவல், அந்தச் சமயம் சிக்கினால் அங்கேயே உடனே விட்டுவிடுவோம் என்றார்.

ஷிபா, பூசி மெழுக எனக்கு வராது. டிசம்பரில் நான் கடித்ததும் அப்படித்தான். கவிதா யார், என்ன சமைப்பாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, உன் மேல் ஏதோ நிழல் விழுந்தது, கடித்துவிட்டேன். ஏமாற்றுக்காரி என்று முகம் பார்க்காத பிள்ளையைச் சொன்னது தப்பு, அவளிடமும் சொல். குடம் விற்கக் கிளம்பியபோது என்னை யாரும் சரி சொல்லி அனுப்பவில்லை. உனக்கு நான் சொல்கிறேன், சரி, போடு. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் வேலை நாள் ஒன்று, லீவு நாள் ஒன்று, மழை நாள் ஒன்று அந்தத் தெருவில் நின்று யார் நடக்கிறார்கள் என்று பார். உனக்குப் பிடித்த இடமாக இல்லாமல் பசிக்கிறவன் வருகிற இடமாக இருக்கட்டும். யார் என்ன வேலை என்று இரண்டு பேரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சிநேகிதம் கெடாமல் இருக்க அதுதான் வழி. முதல் மாதம் காலியாக இருந்தால் வெடுக்கென்று இழுக்காதே.

போன ஞாயிறு பனமலையில் வேறொரு சிவப்பு பார்த்தேன். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் நடந்தேன். இன்று விடிகாலையிலும் போனேன், கூட்டம் பெரிதாகியிருக்கிறது, நிறம்கூட மாற ஆரம்பித்துவிட்டது. பக்கத்திலேயே அந்தப் பெரிய வால் ஒருமுறை தண்ணீரைத் தட்டியது. ஸ்ரீபால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னோடு நின்று பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு சலாம் சொல், ரப்பர் தவளைக்குக் கால் ஒன்று போய்விட்டது, இன்னொன்று வேண்டும். அல்லாஹ் உங்கள் அடுப்பிலும் கையிலும் பரக்கத் வைக்கட்டும், சாப்பிட வருகிறவன் வயிறு குளிர்ந்து போகட்டும். கடை திறக்கிற அன்று முதல் தோசையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு இல்லை, எனக்கு. குறை இருந்தால் சொல்வேன். கடிக்க மாட்டேன்.

உன் அத்தா,
ஜகபர் அலி