மழையை நம்பி வாங்கிய பங்குகள்

ஏப்ரல் 1. கொழும்பு, கொட்டாஞ்சேனை. வெயில். காற்றே இல்லை.

இல்லை மலர், உன்னைவிட மழை எனக்குப் பெரிதில்லை. நேற்று ஃபோனில் வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வெள்ளவத்தைப் புடவைக் கடையில் காலையிலிருந்து நின்று கால் வலித்துப்போய்ப் பேசுகிறாள். நான் எடுத்த எடுப்பில், "ஊருக்குக் கதைச்சியா? அங்க மழையாமா?"

"எங்கம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு நாளாவது கேட்டியா? எப்பப் பாத்தாலும் மழை, மழை. நீ யாரு, ரேடியோல வானிலை வாசிக்கிற ஆளா?"

விசயம் இதுதான். கம்பஸ் படிப்பை விட்டேன். பெற்றோல் விலைக்குப் பைக் கட்டாது என்று அதையும் விற்றேன். அந்தச் சல்லியில் வாங்கியது, மலைநாட்டில் மலரின் ஊர்ப் பக்கத்து ஆற்றில் கரண்ட் எடுக்கிற சின்னக் கம்பெனியின் பங்கு. என் கணக்கு: எண்ணெய் விலை ஏறும். எண்ணெயில் எடுக்கிற கரண்ட் விலை கூடும். அப்போது தண்ணீரில் எடுக்கிறவன் ராஜா. பங்கு ஏறினதும் மலரின் அப்பாவிடம் போய்ப் பெண் கேட்பது.

எண்ணெய் ஏறிவிட்டது! நேற்று நள்ளிரவோடு புது விலை. அதற்கு முன்னால் பகல் முழுக்கப் பெற்றோல் ஷெட்டில் வரிசை. எங்களிடம் வண்டி இல்லை. ஆனால் வரிசை என்றால் அப்பாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பக்கத்து வீட்டு ஓட்டோவுக்குத் துணையாகப் போய் நின்றுவிட்டு வந்தார்.

"உங்களுக்கு அங்க என்ன வேலை?" அம்மா.

"எல்லாரும் நிக்கினம். நானும் நிண்டன்."

ஏப்ரல் 2. அதே வெயில்.

சந்தை திறந்ததும் எல்லாம் சிவப்பு. பாங்க் விழுந்தது, சீமெந்து விழுந்தது, ஹோட்டல் விழுந்தது. என் ஆறும் விழுந்தது.

புரோக்கர் கம்பெனி சுதன் அண்ணாவுக்கு ஃபோன் அடித்தேன்.

"அண்ணே, தண்ணில ஓடுற கம்பெனிக்கு எண்ணெய் என்னத்துக்கு? அது ஏன் விழுது?"

"தம்பி, பயந்தவன் எந்தக் கம்பெனி எண்டு பாக்கிறதில்ல. விக்கக் கூடியதை வித்துப்போட்டு ஓடுறான்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"பேசாம இரு. ஏலாட்டி டீ குடி."

டீ குடித்தேன். அப்பா ஞாபகம் வந்தது. சந்தை முழுக்க அப்பாக்கள். வண்டி இல்லாதவர்களும் வரிசையில்.

பின்னேரம் முகத்துவாரம் பக்கம் நடை. தூரத்தில் இரண்டு எண்ணெய்க் கப்பல், அசைவே இல்லை. வயிற்றுக்குள் இருக்கிற எண்ணெய்க்கு எங்கேயோ விலை ஏறுகிறது, இறங்குகிறது. கப்பலுக்குத் தெரியாது. படுத்த மாடு மாதிரி அசைபோட்டுக்கொண்டு கிடக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் இருட்டிவிட்டது. சவர்க்காரம் வாங்க மறந்தேன். அம்மா பேச்சு.

ஏப்ரல் 4. நேற்று இரவு இடி. விடிய விடிய மழை!

காலையில் ஓடிப்போய் முற்றத்தில் நனைந்தேன். வாளி நிரம்பியது. அப்படியே ஈரக் கையோடு ஃபோனை எடுத்து, மீதிச் சல்லிக்கும் அதே பங்கு. விழுந்த விலை, மழையும் வந்தாச்சு. இனி என்ன?

பின்னேரம் வெள்ளவத்தை. மறுபடி கொட்டியது. மலர் கடை வாசலில் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள். கரண்ட் பில்லுக்குப் பயந்து முதலாளி ஏசியை நிறுத்திவிட்டாராம். வியர்த்துக்கொண்டு கூறைச் சேலை பார்க்க யாருக்கும் மனம் இல்லை.

"பாத்தியா மழையை? வாங்கிப்போட்டன்!"

"எத?"

"உங்கட ஆத்தை."

அவளுக்குச் சிரிப்பு. நிற்கவே இல்லை.

"லூசு. இங்க பேஞ்சா கடலுக்குத்தானே போகும். கரண்டா வரும்?"

அவளுடைய தம்பி அனுப்பிய படத்தைக் காட்டினாள். ஆற்றின் நடுவில் அவன் நிற்கிறான். செருப்பு நனையவில்லை. சுற்றிலும் கல்.

படத்தைப் பெரிதாக்கித் தண்ணீரைத் தேடினேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"ஒன்பதாந் தேதி காலைக் கோச்சில ஊருக்குப் போறேன். புது வருசத்துக்கு என்னப் பாக்க மாப்பிள வீட்டுக்காரங்க வாறாங்க. அப்பா வரச் சொல்லிட்டாரு."

"பங்கு ஏறட்டும், நான் வந்து கதைக்கிறன்."

"ஓ."

அந்த 'ஓ' இன்னும் காதுக்குள்ளே.

ஏப்ரல் 6. மப்பு. மழை இல்லை.

பங்கு இன்னும் கீழே. கரையோரத் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தேன், கோச்சி வந்தால் எழும்பி, போனால் உட்கார்ந்து. கொறிக்கக் கச்சான் கொஞ்சம்.

தண்ணீரைப் பற்றி யோசனை. மலையில் விழுந்து, தேயிலைக்குள் இறங்கி, ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, களனி ஆற்றோடு வந்து, கடைசியில் என் காலடியில் உப்பாகிவிடுகிறது. எண்ணெய் அந்தப் பக்கத்தால் கப்பலில் வருகிறது. இரண்டும் என் ஃபோனில் ஒரே இலக்கமாகச் சேர்கின்றன. மலரும் அந்தத் தண்ணீர் வழியேதான் கொழும்புக்கு இறங்கினவள். அவளுக்கு மட்டும் இலக்கம் இல்லை. ஏறினாளா, விழுந்தாளா, எதில் பார்ப்பது?

கோச்சிக்காரன் நீளமாக ஹோர்ன் அடித்து, தலையை வெளியே போட்டுச் சிங்களத்தில் நல்லாத் திட்டினான். சரிதான். எழும்பினேன்.

ஏப்ரல் 8. புழுக்கம்.

மலர் ஃபோன் அடித்தாள். பின்னால் கடைச் சத்தம்.

"கடைசியாக் கேக்குறேன். பங்கு ஏறலன்னா நீ வரமாட்டியா?"

"வெறுங்கையோட எப்பிடி வாறது? என்ன தொழில் எண்டு உங்கட அப்பா கேட்டா?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"கலைச்சு விடுவார்."

"விடுவாருதான். திரும்ப வா. மழை வரும்னு ஒரு கல்லு ஆத்துமேல இவ்வளவு நம்பிக்கை வைக்கிற, என்மேல வைக்க ஏலாதா?"

ஃபோனை வைத்துவிட்டாள். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மலரைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன், அவள் ஊருக்குப் போய்ப் பெண் கேட்கப்போவதையும். முதல் கேள்வி: "ஞானஸ்நானம் எடுத்து எங்கட வேதத்துக்கு வருவாளா?" இரண்டாவது: "அங்க குளிருமே, ஸ்வெட்டர் இருக்கா?" அப்பா எழும்பிப்போய் அலுமாரியில் தேடத் தொடங்கினார்.

பங்கு பார்க்கவில்லை. பார்த்தேன். கீழேதான். இன்னும் விழலாம், ஏறவும் செய்யலாம். எண்ணெயும் சந்தையும் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்தபடி போகும். யார் யாரை இழுக்கிறார்கள் என்று சுதன் அண்ணாவுக்கே தெரியாது. நான் கீழே இருந்து சரி பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே புது வருசம் வந்துவிடும்.

ஏப்ரல் 9. விடியவில்லை. வானம் பார்க்கவில்லை.

அப்பாவின் ஸ்வெட்டர், நாப்தலீன் வாசம். ஷர்ட் இரண்டு. அவள் வீட்டுக்குக் கேக் ஒன்று, அம்மா கட்டித் தந்தது. மலருக்கு மெசேஜ் போட்டாச்சு: 'நானும் வாறன்.' பார்த்துவிட்டாள். பதில் இல்லை. மூன்றாம் வகுப்பில் எந்தப் பெட்டியோ, தேடத்தான் வேண்டும்.

சொல்ல வேண்டியது:

ஐயா, நான் படிப்பை இடையில் விட்டவன்.

ஐயா, எனக்கு இப்போது வேலை இல்லை. இருந்த சல்லியைப் பங்கில் போட்டேன், பாதி போய்விட்டது.

இதற்கு மேல் ஒன்று வேண்டும். 'ஆனால்' என்று தொடங்க வேண்டும். ஆனால்

"டேய், கோச்சி உனக்காக நிக்காது!" அம்மா கத்துகிறா. போக வேணும்.